எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி) மாற்றியதும் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டும் காணவில்லை. ஏன்? வீட்டுக் கம்ப்யூட்டரில் வேறு எதெல்லாம் இப்படிக் கைதவறிக் கெடும்?

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் நன்றாக இருந்ததால் டிஸ்க் பக்கம் கழற்றாமல், மறுமுனையைப் புதியதில் அப்படியே செருகியதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகையில், மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் போகும் முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்த ஓட்டையில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். சாக்கெட் வடிவம் மட்டும் பல நேரம் ஒன்றாக இருப்பதால் கேபிள் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்துவிடும். அப்புறம் 5 வோல்ட் கம்பியில் 12 வோல்ட் பாயும். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 5 வோல்ட்டில் மட்டுமே ஓடுவது. கண நேரத்தில் கதை முடிந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்குக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அதன் போர்டில் கரண்ட் நுழையும் இடத்தில் டிவிஎஸ் டயோடு என்று ஒரு காவல்காரன் பெரும்பாலும் இருப்பான். அதிக வோல்ட் வந்தால் தான் ஷார்ட்டாகி மற்றவற்றைக் காப்பான். டிஸ்க் சுழலும் சத்தமே இல்லையென்றால் இதுவாக இருக்கலாம். டேட்டா முக்கியமானால் மறுபடி மறுபடி ஆன் செய்யாமல் ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளில் போதாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுகள் பழைய போர்டின் ரோம் சிப்பில் இருக்கும், அதையும் எடுத்து மாற்றவேண்டும்.

கேபிள் எதனுடையது என்று சந்தேகம் இருந்தால் எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரால் அளந்துவிடலாம். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் முனையில் பச்சைக் கம்பியையும் (எல்லாம் கருப்பாக இருந்தால் 16ஆம் பின்) ஒரு கிரவுண்டையும் சிறு கம்பியால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஓடும். டிஸ்க்கில் செருகும் சாட்டா முனையின் 15 தொடர்புகள் மூன்று மூன்றாக 3.3 வோல்ட், கிரவுண்ட், 5 வோல்ட், கிரவுண்ட், 12 வோல்ட் என்று வரவேண்டும். 5 என்பது 4.75 முதல் 5.25 வரை, 12 என்பது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். ஷட்டவுன் செய்த பிறகும் மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (காத்திருப்பு) கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். ராமைக் கழற்றும் முன் பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

அடுத்த பலி பிராசசர். ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட் பிராசசரின் அடியில் 1331 பின்கள். இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பிசினாகிவிட்ட கூலரை நேராகப் பிடித்து இழுத்தால், சாக்கெட்டின் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடம் வலமாகத் திருகித் தளர்த்தியபின் தூக்குங்கள். இன்டெல்லிலும் ஏஎம்டியின் புதிய ஏஎம்5இலும் பின்கள் சாக்கெட்டில் இருப்பதால் அங்கே ஆபத்து மதர்போர்டுக்கு. திறந்த சாக்கெட்டின் மேல் ஸ்குரூ விழுந்தாலே போதும், வளைந்த பின்னுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது.

தூசி தட்ட வேக்வம் கிளீனர் வேண்டாம், அதன் பிளாஸ்டிக் முனையில் ஸ்டாட்டிக் சேரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும்.

வெளியே தெரியாமல் போர்ட்டுகளைத் தின்பது எர்த் இல்லாத பிளக் பாயிண்ட். பொதுவாக எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருக்கும். அவற்றின் வழியே கொஞ்சம் கரண்ட் கேபினெட்டுக்குக் கசியும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் கேபினெட் 230இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். வெறுங்காலோடு தொட்டால் விர்ரென்று இருப்பது அதுதான். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் டிஷ் கேபிள் மூலம் எர்த்தான டிவியில் எச்டிஎம்ஐ செருகும்போது, வெளி உலோகத்துக்கு முன் சிக்னல் பின் தொட்டுவிட்டால் அந்தக் கசிவு கிராபிக்ஸ் கார்டின் போர்ட் வழியாகப் பாயும்.

மீட்டரை ஏசிக்கு வைத்து பிளக் பாயிண்டில் அளந்தால் ஃபேஸ்-எர்த் 230ஐ ஒட்டியும், நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டாகவும் காட்டவேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. அவர் சுவிட்ச் போர்டுக்குள் நியூட்ரலையே எர்த் ஓட்டைக்குப் பாலம் போட்டுத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்த அன்று கேபினெட்டில் முழு 230 நிற்கும், அது ஆளைக் கொல்லும். முறையான எர்த் வரும்வரை டிவி, கம்ப்யூட்டர் இரண்டின் பிளக்கையும், டிஷ் கேபிளையும் உருவிவிட்டு எச்டிஎம்ஐயைச் செருகி, அப்புறம் அவற்றை மாட்டுங்கள்.