‘நீ பிபிடி மட்டும் பார்த்துக்கோ’
வாசகர் கேள்வி – பதில்

கே: கீழக்கரையில் ஒரு கருவாட்டுக் கடைக்கு ஆன்லைன் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். விளம்பரம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் கைவந்த வேலை. கோடிங் மட்டும் தெரியாது. 36 மணி நேர ஹேக்கத்தானுக்கு (அணியாக உட்கார்ந்து மென்பொருள் செய்யும் போட்டி) நண்பர்கள் மதுரைக்குக் கூப்பிடுகிறார்கள். ‘நீ பிபிடி (பவர்பாயின்ட் விளக்கப்படம்) மட்டும் பார்த்துக்கோ’ என்கிறார்கள். போனால் தொழில்நுட்பம் ஏதாவது கைக்கு வருமா?
– வாசகி, கீழக்கரை

ப: பிபிடி மட்டும் போட்டால் வராது. தூக்கம் கெட்டதுதான் மிச்சமாகும். கிளம்புவதற்கு முன்பே அணியில் பேசி, சின்னதாக ஒரு வேலையை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தோதானது ஆர்டர்களைக் குறித்துவைக்கும் கூகுள் ஷீட். அதைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், தட்டினால் அவரோடு அரட்டை திறக்கும் வாட்ஸ்அப் இணைப்பு தானாக உருவாகும்படி செய்வதை உங்கள் பொறுப்பாக எடுங்கள். பிபிடியைக் கடைசி மூன்று மணி நேரத்தில் எல்லோருமாகச் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம்.

சுத்தம் செய்வது என்றால் லேசாக நினைக்காதீர்கள். கடை ஷீட்டில் ஒரே மீன் ‘நெத்திலி’ என்றும் ‘நெத்தலி’ என்றும் இருக்கும். எடை ஒரு வரியில் ‘கால் கிலோ’, அடுத்த வரியில் ‘250’, அதற்கடுத்து ‘1/4’. இந்த 1/4-தான் வில்லன். இந்தியத் தேதி அமைப்பில் இருக்கும் ஷீட் அதை ஏப்ரல் 1 என்று எடுத்துக்கொள்ளும். தேதிகளை அது உள்ளுக்குள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1-க்கான எண் 45748. எடைப் பத்தியைக் (நெடுவரிசையை) கூட்டினால் கால் கிலோ திருக்கை நாற்பத்தைந்தாயிரத்தைத் தாண்டி நிற்கும். எனவே முதல் வேலையாக எடைப் பத்தியை ‘வெறும் எழுத்து’ வடிவத்துக்கு மாற்றுங்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு எல்லாவற்றையும் கிராமில் எழுதுங்கள். மூலப் பத்தியை அழிக்க வேண்டாம்.

அடுத்தது வாட்ஸ்அப் இணைப்பு. எண் 91-இல் தொடங்க வேண்டும். முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ, நடுவில் இடைவெளியோ இருந்தால் இணைப்பு வேலை செய்யாமல் போகலாம். செய்தியைத் தமிழில் அப்படியே ஒட்டாமல், ஷீட்டில் இருக்கும் ‘என்கோட் யூஆர்எல்’ (ENCODEURL) சூத்திரத்தின் வழியாக அனுப்புங்கள். எழுத்துகளை இணைப்பில் போகக்கூடிய குறிகளாக அது மாற்றும். ‘க’ என்ற ஒரே எழுத்து அங்கே ஒன்பது குறிகளாகிவிடும், ‘கி’ என்றால் பதினெட்டு. நாலு வரிச் செய்தி எவ்வளவு நீளும் என்று பாருங்கள்! இரண்டு வரியோடு நிறுத்துங்கள்.

இதுவரை சூத்திரம்தான். ஷீட்டின் ‘நீட்டிப்புகள்’ பட்டியலில் இருக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்டுக்குள் நுழைந்தால் கோடிங் ஆரம்பம். புதிதாக எழுதுபவர்கள் ஷீட்டின் ஒவ்வொரு கட்டமாகப் (செல்) படித்து, ஒவ்வொரு கட்டமாக எழுதுவார்கள். அங்கே ஒரு ஓட்டத்துக்கு ஆறு நிமிடம்தான் அனுமதி. வரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும். முழுப் பத்தியையும் ஒரே தடவையில் எடுத்து, நினைவகத்தில் வைத்து மாற்றி, ஒரே தடவையில் திரும்ப எழுதினால் நொடிகளில் முடியும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தாலே நிரலர்களோடு பேசும் பாஷை பாதி வந்துவிடும்.

போவதற்கு முன் இரண்டு வாரம், தினம் முக்கால் மணி நேரம் போதும். முதல் வாரம் சூத்திரங்களைப் பழகுங்கள். இரண்டாம் வாரம் இருபது வரி ஸ்கிரிப்ட் ஒன்றை நீங்களாக எழுதி ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் நிஜமான பெயர், எண்களை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அது கடையின் சொத்தும் அல்ல. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான். கற்பனைப் பெயர்களில் ஐம்பது வரி தயார் செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன குளறுபடிகளை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள்.

அரங்கில் எல்லோரும் ஒரே வைஃபையில் தொங்குவார்கள். முடிவதற்கு ஆறு மணி நேரம் முன்பே புதிதாக எதையும் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, ஓடுகிற நிலையில் இரண்டு நிமிடத் திரைப்பதிவு எடுத்து வையுங்கள். நடுவர் முன்னால் நெட் படுத்துவிட்டால் அதுதான் காப்பாற்றும்.

கே: மீனவர்கள் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக மீன் விற்க ஆப் செய்யலாம் என்று எங்கள் அணி நினைக்கிறது. நல்ல தலைப்பா?
– வாசகர், தங்கச்சிமடம்

ப: மேடையில் கைதட்டல் கிடைக்கும், கரையில் எடுபடாது. ஏலத்தில் மீன் எடுப்பவர் பல இடங்களில் படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவராக இருப்பார். அந்தக் கணக்கு தீராமல் மீன் வேறு கைக்குப் போகாது. உங்கள் ஆப்புக்கு அது தெரியாது. தலைப்பைச் சுருக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது இருப்பில் இருக்கும் கருவாட்டில் எதை, யாரிடம், எந்த வாரம் சொல்வது? இதற்குத் தரவு இருக்கிறது, பயன்படுத்தப்போகும் ஆளும் இருக்கிறார். போட்டிக்கு முந்தின வாரம் மூன்று கடைக்காரர்களிடம் பத்து நிமிடம் பேசிக் குறித்துக்கொண்டு வாருங்கள். மார்க்கெட்டிங் ஆள் அணிக்குக் கொண்டுவரும் சரக்கு அதுதான்.

கே: ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் வேலைக்குப் போகும் நான் சேரலாமா?
– வாசகர், தொண்டி

ப: முடியாது, அது மாணவர்களுக்கானது. ஆறு பேர் அணி, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கான போட்டிகளை டெவ்ஃபோலியோ, அன்ஸ்டாப் தளங்களில் தேடுங்கள். தகுதி விதியையும், செய்ததன் உரிமை யாருக்கு என்பதையும் படித்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.

கே: ஏஐ-யே கோடு எழுதித் தருகிறதே, நான் ஏன் கற்க வேண்டும்?
– வாசகி, தேவிபட்டினம்

ப: தாராளமாக எழுதட்டும். எழுதியது சரியா என்று பார்க்க ஐந்து வரி சோதனைத் தரவு வைத்துக்கொள்ளுங்கள்: பூஜ்யத்தில் தொடங்கும் எண், கூட்டல் குறி போட்ட எண், நடுவில் இடைவெளி விட்ட எண், எண்ணே இல்லாத வரி, ஒரே ஆள் இரண்டு தடவை வந்த வரி. ஐந்தும் சரியாக வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏபிஐ சாவியை (வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) கோடுக்குள் ஒட்டி, கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டுவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய பதிப்பில் அது இருக்கும். சாவியையே ரத்து செய்து புதிது வாங்குங்கள்.

கே: சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) எக்செலில் திறந்தால் தமிழ் எல்லாம் கோணல் குறிகளாக வருகிறது. ஏன்?
– வாசகர், மண்டபம்

ப: கோப்பு யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறை) என்பது எக்செலுக்குத் தெரியவில்லை. இரட்டை கிளிக் செய்து திறக்காமல், ‘டேட்டா’ தாவலில் ‘டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக உள்ளே எடுத்து, 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கையோடு ஃபோன் எண் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 91 சேர்ந்த 12 இலக்க எண்ணைச் சுருக்கி 9.19E+11 என்பது போலக் காட்டும். அதே நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் போய்விடும். திறப்பதற்கு முன்பே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.