மனச்சாட்சி நீதிபதியா, சாட்சியா?

கிறிஸ்தவ இறையியலில் அறநெறிப் பாடம் கற்பித்து வருகிறேன். நன்மை தீமையை அறியும் உணர்வு குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கடவுளை நம்பாத என் நண்பர் என்னைவிட நேர்மையானவர். இதைக் கிறிஸ்தவம் எப்படி விளக்கும்?

தயக்கமில்லாமல் விளக்கும். மோசேயின் சட்டத்தை அறியாத மக்களும் அது கேட்பதை இயல்பாகவே செய்கிறார்கள், அது அவர்கள் இதயத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுடைய மனச்சாட்சியும் கூடவே சாட்சி சொல்கிறது என்று பைபிளின் ரோமர் நூல் 2ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். உங்கள் நண்பரைப் போன்றவர்களை அவரும் பார்த்திருக்கிறார். அந்த நேர்மைக்காக மகிழுங்கள், அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடவுள் கட்டளையிட்டதால்தான் ஒன்று நன்மையாகிறதா? நாளை அவர் கொடுமையைக் கட்டளையிட்டால் அதுவும் நன்மையாகிவிடுமா?

பழைய வழக்கு இது. 14ஆம் நூற்றாண்டின் மெய்யியலாளர் ஒக்காம் வில்லியம் கடவுளுடைய சித்தத்துக்கே முதலிடம் கொடுத்தார். அவருக்கு முந்தைய இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், நன்மை கடவுளின் இயல்பிலேயே வேர்கொண்டது என்றார். நான் அக்குவினாஸின் பக்கம். ஆதியாகமம் 18இல் ஆபிரகாம், "உலகுக்கெல்லாம் நீதிபதியானவர் நீதி செய்யாதிருப்பாரோ?" என்று கடவுளிடமே கேட்கிறார். கடவுள் சினக்கவில்லை, பொறுமையாகப் பதில் சொல்கிறார். நீதியைப் பற்றிக் கடவுளிடம் வாதாட மனிதனுக்கு இடமுண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கேள்வி: கூடி வாழ்ந்த உயிரினங்கள் பிழைத்தன, அதனால் அற உணர்வு வளர்ந்தது என்கிறது அறிவியல். பிறகு கடவுள் எதற்கு?

அந்த உணர்வு எந்த வழியாக வந்தது என்பதை அறிவியல் சொல்லட்டும். மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் உண்மை சொன்னால் எனக்கு நட்டம், பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது என்ற நிலையில் நான் ஏன் உண்மை சொல்ல வேண்டும்? உணர்வின் வரலாறு மட்டும் இதற்குப் பதில் தராது.

கேள்வி: மனச்சாட்சிப்படி நடந்தால் போதும் என்கிறார்கள். மனச்சாட்சியே தவறினால்?

என்னிடம் வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இதுதான். நம் மொழியின் சொல்லையே கவனியுங்கள்: மனத்தின் சாட்சி. சாட்சியை மதித்துக் கேட்க வேண்டும். ஆனால் சாட்சி அரைகுறையாகப் பார்த்திருக்கலாம், அச்சத்தால் மௌனமாகியிருக்கலாம், விலைபோயும் இருக்கலாம். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், அப்படிச் செய்வதே தன் கடமை என்று பவுல் மனமார நம்பினார். அப்போஸ்தலர் நடபடிகள் 26இல் அவரே அதைச் சொல்கிறார்.

அக்குவினாஸின் விடை கடினமானது. தவறிய மனச்சாட்சியும் நம்மைக் கட்டுப்படுத்தும். தீமை என்று நம்பும் ஒன்றைச் செய்பவன், அந்த நம்பிக்கை பிழையாக இருந்தாலும், தீமையையே தேர்ந்துகொள்கிறான். அதே வேளையில், அறிய வேண்டியதை அலட்சியத்தால் அறியாமல் இருந்தவனை அறியாமை காப்பாற்றாது. எனவே மனச்சாட்சியைப் பின்பற்றுவது பாதிக் கடமைதான். அதற்குக் கற்பிப்பது மறுபாதி.

பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குருவை நினைக்கிறேன். கியூபாவில் பூர்வகுடிகளின் கட்டாய உழைப்பில் வாழ்ந்தவர். 1514இல் மறையுரைக்குத் தயாரித்தபோது, ஏழையின் உணவைப் பறிப்பவன் கொலைகாரன் என்னும், கத்தோலிக்க பைபிளிலுள்ள சீராக் நூலின் வரிகள் அவரைத் தைத்தன. தன் கீழிருந்தவர்களை விடுவித்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் அவர்களுக்காகப் போராடினார். அவரே, அந்தச் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்றும் யோசனை சொன்னார்! பின்னாளில் அதற்காக மனம் வருந்தி எழுதினார். ஒரு கண் திறந்த மனச்சாட்சிக்கு மறுகண் திறக்க எத்தனை ஆண்டுகள்! என் மனச்சாட்சி இன்று எதைக் காண மறுக்கிறது என்று இவரை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அச்சம் வருகிறது.

கேள்வி: அறிக்கையிட்ட பாவங்களே திரும்பத் திரும்ப என்னை வதைக்கின்றன. தூக்கமில்லை. கடவுள் என்னை மன்னிக்கவில்லையா?

மன்னித்துவிட்டார், சகோதரி. 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், பின்னர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரும் இதே வதையில் தவித்தார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்த பிறகே விடுபட்டார். நம் இதயம் நம்மைக் குற்றப்படுத்தினாலும் கடவுள் நம் இதயத்தைவிடப் பெரியவர் என்கிறது 1 யோவான் 3. நம்பிக்கைக்குரிய ஒரே ஆன்ம வழிகாட்டியிடம் பேசுங்கள். தூக்கம் கெட்டிருப்பதால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

கேள்வி: முன்பு கணக்கில் சிறு பொய் எழுதினாலும் மனம் உறுத்தும். இப்போது எதுவும் உறுத்தவில்லை. பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தன்னைக் கொல்லத் தேடிய அரசன் சவுலின் அங்கியில் ஒரு துண்டை அறுத்ததற்கே தாவீதின் மனம் அடித்துக்கொண்டது. அதே தாவீது அரசனான பின், தன் படைவீரன் உரியாவின் மனைவியைப் பறித்து, அவனையும் சாகடித்துவிட்டு அமைதியாக இருந்தார். இறைவாக்கினர் நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொல்லும் வரை அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. உள்ளே சாட்சி மௌனமானால் வெளியிலிருந்து ஒருவர் பேச வேண்டும். உங்களிடம் ஒளிக்காமல் பேசக்கூடிய ஒருவரிடம் இந்த வாரமே அந்தக் கணக்கைக் காட்டுங்கள். பிறகு, அந்தப் பொய்யால் யார் இழந்தார்களோ அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்.