மட்டக்களப்பில் காப்பாற்றிய மாடு, ஆடுகளை எப்படிப் பராமரிப்பது, குணமானதும் யாரிடம் கொடுப்பது?

கேள்வி கேட்டவர் செங்கலடிப் பக்கம் வீதியில் வாகனம் அடித்துக் கிடந்த இன்னும் கன்று போடாத ஒரு நாகு மாட்டையும், தாய் செத்துப்போன இரண்டு ஆட்டுக்குட்டிகளையும் வீட்டு வளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இதையே சின்னக் காப்பகமாக நடத்த முடியுமா, குணமான பிறகு இவற்றை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்று கேட்கிறார். நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, அப்பாவின் மேட்டுக்காணியில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இப்போது 17 மாடு, 9 ஆடு, ஒரு எருமைக் கன்று நிற்கின்றன. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் கடலால் போனபோது மழையும் குளிர்காற்றும் இரண்டு நாள் விடாமல் அடித்து, வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தது ஞாபகம் இருக்கும். அந்த விடியலில் வயல் வட்டைக்குள் செத்துக் கிடந்த ஒரு பசுவின் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்த கன்றை அப்பா சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து தொடங்கியதுதான்.

கேட்டவருக்கு முதலில் ஒன்று. காப்பாற்றுவது ஒரு நாள் வேலை. ஒரு மாடு நன்றாகப் பார்த்தால் 15, 20 வருடம் இருக்கும். அது கடைசியில் எங்கே நிற்கப்போகிறது என்ற கேள்வியை ஏற்றிக்கொண்டு வரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் முதல் ஒரு வருடம் அதைக் கேட்கவில்லை. வந்ததையெல்லாம் உள்ளே விட்டோம், சிறுபோகக் காலத்தில் புல் கருகியபோது எல்லாமே ஒன்றாக மெலிந்தன.

அடுத்தது, அந்த மாடு யாருடையது என்று பாருங்கள். கட்டாக்காலி என்று சொல்கிறோமே தவிர, கல்முனை வீதியிலும் செங்கலடிச் சந்தியிலும் இரவில் படுத்திருக்கும் மாடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். தொடையில் குறி சுட்டிருக்கும், இல்லாவிட்டால் காதில் இலக்கத் தோடு இருக்கும், சில நேரம் காதை ஒரு மாதிரி வெட்டியிருப்பார்கள். குறியைப் படம் எடுத்து கிராம சேவகரிடம் காட்டுங்கள், பொலிசில் ஒரு முறைப்பாடு பதிந்து வையுங்கள். உங்கள் நல்ல மனசு மாட்டுக்கு உறுதிப் பத்திரம் ஆகாது. எங்களிடம் காலுடைந்து வந்த ஒரு பசுவை நாற்பது நாள் பார்த்த பிறகு சித்தாண்டியிலிருந்து சொந்தக்காரர் வந்தார். மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப்போன இடத்தில் பட்டியை விட்டுப் பிரிந்த மாடு என்றார். அவரைக் கண்டதும் பசு குரல் கொடுத்தது, அதற்குப் பிறகு நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்ச்சல் தரை பறிபோய்ப் பண்ணையாளர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும், 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் அவர்கள் வீதியோரம் உட்கார்ந்த போராட்டம் சும்மா வந்ததில்லை. வீதிக்கு வருகிற மாட்டின் பின்னால் எப்போதும் பொறுப்பில்லாத ஆள்தான் இருக்கிறார் என்று நினைக்காதீர்கள், மேய்க்க இடம் இல்லாத ஆளாகவும் இருக்கலாம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். குறி சுடுவது, மாடு ஏற்றுவது எல்லாம் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்துக்குள் வருகிறது. மிருக வைத்தியரின் சான்றும் பிரதேச செயலக அனுமதியும் இல்லாமல் மாட்டை லொறியில் ஏற்றினால், நீங்கள் காப்பாற்றத்தான் கொண்டுபோனீர்கள் என்று வீதிச் சோதனையில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? கொடுமைப்படுத்துவதைத் தடுக்க இருப்பது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதில் தண்டப்பணம் கூடினது 100 ரூபாய். ஆகவே வழக்கை நம்பி ஒரு மாட்டையும் காப்பாற்ற முடியாது, ஆட்களோடு கதைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். பட்டினி கிடந்த மாட்டைக் கண்டால் எங்கள் ஆட்களின் மனம் இளகிவிடும். பானை நிறையச் சோறு, ஊற வைத்த அரிசி, கோயிலில் மிஞ்சின பொங்கல் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து வைப்பார்கள். தயவுசெய்து வைக்க விடாதீர்கள். பட்டினி கிடந்த வயிற்றுக்குள் திடீரென்று மாச்சாப்பாடு போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கிவிடும், அடுத்த நாள் மாடு அசைபோடாது, புளித்த நாற்றத்தோடு கழியும், பிறகு விழும். இரண்டாவது வருடம் எங்களுக்கு வந்த ஒரு கிழட்டுப் பசு அப்படித்தான் போனது. பக்கத்து வளவு மாமி அன்போடு கொண்டுவந்த அரைவாளிச் சோறு. மாமியிடம் இன்றுவரை காரணத்தைச் சொல்லவில்லை, வேறு ஒரு நாள் கதையோடு கதையாக மாட்டுக்குச் சோறு ஆகாது என்று மட்டும் சொன்னேன். முதல் மூன்று நான்கு நாளைக்கு வைக்கோலும் பச்சைப் புல்லும் தண்ணீரும் போதும். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் பிறகு ஒரு கைப்பிடியில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

உங்கள் நாகு எழும்பாமல் கிடக்கிறது என்றால் அதுதான் இப்போது பெரிய வேலை. சீமெந்துத் தரையில் கிடத்தாதீர்கள், ஒரு அடி உயரத்துக்கு ஆற்று மணல் கொட்டி, மேலே வைக்கோல் போட்டு, அதில் நெஞ்சை ஊன்றி உட்கார்ந்த மாதிரி இருக்கும்படி பக்கத்தில் வைக்கோல் மூட்டை அணை கொடுங்கள். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மற்றப் பக்கம் புரட்ட வேண்டும், இரவிலும்தான். ஒரே பக்கம் கிடந்தால் உடம்பின் பாரமே கீழே அகப்பட்ட காலின் சதையைச் சாக வைத்துவிடும், அடிபட்ட கால் ஆறினாலும் அந்தக் கால் எழும்ப விடாது. கிடக்கிற மாட்டின் வாயைப் பிளந்து போத்தலால் கஞ்சியோ மருந்தோ ஊற்றாதீர்கள், நெஞ்சுக்குள் போய்விடும். எங்களிடம் இருந்த ஒன்று பதினோராவது நாள் எழும்பியது. மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும், அது தெரியாமல் நாங்கள் பத்து நாளாக முன்னங்காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தோம். அன்று விடியற்காலை நான் வாளியோடு போனபோது அது முன்னங்கால் இரண்டையும் மடித்து ஊன்றி, பின்பக்கம் மட்டும் மேலே நிற்க, தொடை நடுங்கிக்கொண்டே நின்றது. நான் அசையவே இல்லை. ஒரு காலை எடுத்து வைத்தது, பிறகு மற்றதை. வாளித் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தது.

குட்டிகள் இரண்டுக்கும்: பால் கொடுக்க முன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். உள்ளே குளிராக இருந்தால் பால் கொடுக்கக் கூடாது, முதலில் சூடாக்குங்கள். துணியில் சுற்றி மடியில் வைத்திருங்கள், சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியோடு பக்கத்தில் வையுங்கள். வாய் சூடாகி விரலைச் சூப்பத் தொடங்கிய பிறகுதான் பால். ஆட்டுப்பால் கிடைத்தால் நல்லது, பசும்பாலும் சரி, தண்ணீர் கலக்காமல். இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 250 முதல் 300 மில்லிலீற்றர், அதை நான்கைந்து தரமாகப் பிரித்து, குட்டி நான்கு காலில் நிற்கும்போது தலையைச் சற்று உயர்த்திக் கொடுங்கள். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திக் கொடுக்கும் படங்கள் நிறைய உலாவுகின்றன, அப்படிச் செய்ய வேண்டாம். பிறந்த முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்பு, அதாவது சீம்பால், குடிக்காத குட்டி என்றால் மூன்று மாதத்துக்கு அதன் மேல் ஒரு கண் இருக்கட்டும், சின்ன நோயையும் தாங்காது.

புதிதாக வருகிற எதையும் மூன்று கிழமை தனியாகக் கட்டுங்கள். காலிலும் வாயிலும் புண் வருகிற கால்வாய் நோய் உள்ளே வந்தால் ஒன்றோடு நிற்காது. மாதம் நிறையாமல் கன்று விழுந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், புருசெல்லா என்ற கிருமி மனிதருக்கும் தொற்றும். உடனே அரச மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள், எங்கள் பகுதி வைத்தியர் கேட்ட நேரமெல்லாம் வந்திருக்கிறார். வீதியில் வளர்ந்த மாடுகளின் வயிற்றில் சொப்பிங் பேக், பிளாஸ்டிக் பை, இருக்கும் என்பதையும் எதிர்பாருங்கள். தின்கிறது, ஆனால் உடம்பு ஏறவில்லை, இடது பக்கம் அடிக்கடி ஊதுகிறது என்றால் அதைச் சந்தேகியுங்கள். ஒன்றுக்கு வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டி வந்தது. கயிறு மாதிரி முறுகி, அதற்குள் ஒரு பால்மா பக்கற்றின் எழுத்துக்கூட அழியாமல் இருந்தது.

தீவனத்துக்குப் பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை முடிந்தவுடன் ஓடித் திரிந்து வைக்கோல் சேர்த்துவிடுங்கள், ஓகஸ்டில் தேடினால் கிடைக்காது. கொக்கட்டிச்சோலைக் கோயிலின் கல் நந்தி புல் தின்ற கதை கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது, மாட்டுக்கு என்று கேட்டால் வைக்கோல் இல்லை என்று சொல்கிற வட்டைக்காரர் குறைவு. வேலியோரம் கிளிசரிடியா நடுங்கள், வெட்டி ஒரு நாள் வாட விட்டுப் போட்டால் விரும்பித் தின்னும். இப்பில் இப்பில் மரத்து இலையும் கொடுக்கலாம், அதையே முழுச் சாப்பாடாக்கக் கூடாது.

இனி ஒப்படைப்பது. இதில்தான் நான் பெரிய பிழை விட்டேன். 2023இல் மூன்று மறி (பெண்) ஆடுகளை ஒருவரிடம் கொடுத்தோம். நல்ல கதை, நல்ல வளவு, பிள்ளைகளும் குட்டிகளோடு விளையாடின. சித்திரை வருஷத்துக்கு முதல் கிழமை போனபோது ஒன்றும் இல்லை. காசு முடை, விற்றுவிட்டேன் தங்கச்சி என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டிய நாளில் வளவில் நிற்கிற ஆடு காசாகத்தான் தெரியும், அந்த நாளில் என்னிடம் திருப்பித் தரலாம் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. அதை இன்றும் என் பிழையாகத்தான் நினைக்கிறேன்.

இப்போது கேட்டு வருகிறவரிடம் முதலில் நாங்கள் போகிறோம். தண்ணீர் எங்கே இருக்கிறது, மாரியில் வெள்ளம் ஏறுமா, ஏறினால் மாட்டை எங்கே கட்டுவார், இரவில் அடைக்கிற தொழுவத்துக்கு மேல் கூரை உண்டா, வீட்டில் யார் வைக்கோல் போடுவது என்று பார்க்கிறோம். கடைசிக் கேள்விக்கு அம்மா என்று பதில் வந்தால் அந்த அம்மாவோடு கதைக்காமல் கொடுப்பதில்லை. தனி ஒன்றாகக் கொடுப்பதே இல்லை, இரண்டாகத்தான், அதுவும் சேர்ந்து படுத்துப் பழகின இரண்டாக. ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கிறோம்: விற்கக் கூடாது, அறுக்கக் கொடுக்கக் கூடாது, முடியாவிட்டால் திருப்பித் தர வேண்டும், செத்தால் சொல்ல வேண்டும். அந்தக் கொப்பிக்கு நீதிமன்றத்தில் எவ்வளவு பெறுமதி என்று நான் யோசிப்பதில்லை, எழுதும்போது ஆள் நின்று யோசிக்கிறார், எனக்கு அது போதும். திருப்பித் தந்தால் நான் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றிக்கொண்டு போவேன் என்பதையும் அதில் எழுதுகிறேன். அப்புறம், காசு முடை வருகிற காலம் பார்த்துப் போகிறேன், சித்திரைக்கு முதல், பள்ளிக்கூடம் தொடங்க முதல்.

ஏறாவூரில் ஆடு வளர்க்கிற ஒரு முஸ்லிம் அண்ணன், காக்கா என்று கூப்பிடுவோம், இரண்டு குட்டி கேட்டு வந்தார். நான் கேட்க முன் அவரே, இது ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு அறுக்க இல்லை, அதையும் எழுதுங்கள் என்றார். இரண்டு வருடமாகிறது, மாதத்துக்கு ஒரு படம் அனுப்புகிறார். கேட்டு வருகிறவர் எங்கே எந்த ஊர் என்று பார்த்து முன்னாலேயே முடிவெடுக்காதீர்கள்.

நாம்பன் காளைகளுக்குத்தான் இடம் கிடைப்பது கஷ்டம். வயலை லேண்ட்மாஸ்டர் இயந்திரம் உழுகிறது, பால் தராத மாட்டை யார் கேட்பார்? நலமடித்த (ஆண்மை நீக்கிய) பிறகு சாணத்துக்காகக் கேட்டு வருகிற மரக்கறித் தோட்டக்காரர்களும் தென்னங்காணிக்காரர்களும் இருக்கிறார்கள், களுவாஞ்சிகுடிப் பக்கம் நான்கு அப்படிப் போயின. நலமடிக்காமல் ஒன்றையும் வெளியே விடாதீர்கள். கண் தெரியாதது, கால் ஊனம், மிகக் கிழடு, இவற்றை நாங்கள் கொடுப்பதில்லை, இவை இங்கேதான். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் இன்னும் எத்தனை எடுக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறோம். இந்த வருடம் மூன்று பேரிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன், மூன்று இரவும் நித்திரை இல்லை, ஆனாலும் உள்ளே நிற்கிறவற்றின் வைக்கோலைப் பிடுங்கித்தான் அவற்றை எடுத்திருக்க முடியும்.

உங்கள் வளவு எவ்வளவு, கிணறு கோடையில் வற்றுமா என்று எழுதவில்லை. அதைச் சொன்னால் எத்தனை வைத்திருக்கலாம் என்று சொல்கிறேன். நாகு இப்போது எந்தப் பக்கம் கிடக்கிறது, பின்னங்காலில் கிள்ளினால் இழுக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். வாசிக்கும்போதே மூன்று மணித்தியாலம் கடந்திருந்தால் முதலில் போய்ப் புரட்டிவிட்டு வாருங்கள்.