கடலுக்குப் போகும் அப்பாவுக்கு லோ சுகர் வந்தால் கருப்பட்டி போதுமா?

அப்பா சுகர் மாத்திரை சாப்பிடுகிறார், வல்லம் என்ற நாட்டுப் படகில் மீன்பிடிக்கப் போகிறார், நடுக்கடலில் சுகர் இறங்கினால் மடியில் இருக்கும் கருப்பட்டி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாம்பனில் எங்கள் வீட்டு நிலவரமும் இதேதான். என் அப்பாவுக்குப் பல வருடமாகச் சுகர், இன்னமும் கடலுக்குப் போகிறார்.

முதலில் அவருடைய மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் ரொம்பக் கீழே போவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்றவற்றில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோதான் பயப்பட வேண்டும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, அவை வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அப்புறம், வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயரையும் தேடுங்கள். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையாகவே வருகிறது. வோக்லிபோஸும் அகார்போஸும், நாம் சாப்பிடும் சர்க்கரை குடலில் சீக்கிரம் உடையாமல் தடுக்கும். கருப்பட்டி, சீனி, பனங்கற்கண்டு எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ்தான். உடைந்தால்தான் ரத்தத்தில் ஏறும். மயக்கம் வரும் நேரத்தில் அந்தத் தாமதம் ஆபத்து. குளுக்கோஸ் பவுடர் உடைய வேண்டியதே இல்லை, அப்படியே ஏறும். வோக்லிபோஸ், அகார்போஸ் இல்லாதவருக்குக் கருப்பட்டித் தண்ணீர் தாராளமாக உதவும். ஆனாலும் எல்லாருக்கும் குளுக்கோஸ்தான் நல்லது என்பேன். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது.

உப்புக் காற்றில் பவுடர் கட்டிபிடித்துவிடும். அதனால் 15 கிராம் வீதம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, சின்னச் சின்னக் கவர்களில் கட்டி, திருகு மூடி டப்பாவில் போட்டு அணியத்தில், அதாவது வல்லத்தின் முன்பக்கத்தில், வைக்கிறோம். பக்கத்திலேயே ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். டப்பா எங்கே இருக்கிறது என்று கூடப் போகிற எல்லாருக்கும் தெரியும்.

சுகர் 70-க்குக் கீழே போனால் ஒரு பொட்டலத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொன்று. மீட்டர் இல்லாவிட்டால் காத்திருக்காதீர்கள், சந்தேகம் வந்ததுமே கொடுங்கள். 54-க்குக் கீழே போனால் மூளைக்கே சர்க்கரை போதாமல் பேச்சும் நிதானமும் மாறும். சாக்லேட், பிஸ்கட் எல்லாம் மெதுவாகத்தான் ஏறும், அவை இரண்டாவதாக.

கடலில் அறிகுறியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வெயிலில் வலை இழுக்கிற எல்லாருக்கும்தான் வியர்க்கிறது, கை நடுங்குகிறது. அப்பாவிடம் நான் பார்ப்பது வேறு. வாடைக்காற்று அடிக்கும் விடியற்காலையில் எல்லாரும் துண்டைப் போர்த்தியிருக்கும்போது அவருக்கு மட்டும் நெற்றி நனைந்திருக்கும். கேட்டதற்குப் பதில் வராது, எரிச்சல் வரும். தெரிந்த முடிச்சையே திரும்பத் திரும்பப் போடுவார். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். குடிப்பவராக இருந்தால் இன்னும் மோசம். ஈரல் சர்க்கரையை வெளியிடுவதை மது தடுக்கிறது, தள்ளாடினால் போதை என்று விட்டுவிடுவார்கள். தயவுசெய்து கூடப் போகிறவர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள்.

நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கரைக்கு ஆம்புலன்ஸ் வர 108.

சரி, சுகர் ஏறிவிட்டது என்று மறுபடி வலையில் கைவைக்க விடாதீர்கள். கிளிமிபிரைடு போன்றவை உடம்பில் நீண்ட நேரம் இருப்பதால் சில மணி நேரத்தில் திரும்பவும் இறங்கலாம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் அதிகம். சோறோ இட்லியோ சாப்பிட வைத்து, அன்று இரவும் சுகர் பாருங்கள்.

பின்னிரவில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. கிளிமிபிரைடை அன்றைய முதல் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். அப்பா எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், முதல் சாப்பாடு எப்போது என்பதை டாக்டரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.