ரக்பியில் ஒரு புள்ளி – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவன். மகன் வெலிங்டனில் படிக்கிறான். அங்கே போனதிலிருந்து அவனுக்கு ரக்பிதான் எல்லாம். நியூசிலாந்து தோற்றால் இரண்டு நாள் போனில் சரியாகப் பேச மாட்டான். விடுமுறைக்கு வந்தவன் 2023 உலகக் கோப்பையின் கடைசிக் கட்ட ஆட்டங்களை எனக்கு வரிசையாகப் போட்டுக் காட்டினான். நீங்கள் அவற்றை அப்போதே இரவு விழித்துப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த நினைவில்தான் கேட்கிறேன்.

தென்னாப்பிரிக்கா காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றும் ட்ரை ஒன்றுகூட இறுதியில் அவர்கள் போடவில்லை. போட்டது நியூசிலாந்து, அதுவும் சிவப்பு அட்டை வாங்கி ஓர் ஆளை இழந்தபிறகு. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? மகன் இன்னும் அதை ஏற்கவில்லை. இன்னொன்று, அயர்லாந்து அணியில் நியூசிலாந்தில் பிறந்தவர்கள் ஆடுகிறார்கள். அப்புறம் அது எப்படி ஒரு நாட்டின் அணி ஆகும்?

ர., திருச்சி

* * *

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் என்னை அந்த அக்டோபர் கடைசிக்கே கொண்டுபோய்விட்டது. 27ஆம் தேதி இரவு சேப்பாக்கத்தில், கிரிக்கெட் உலகக் கோப்பையில், தென்னாப்பிரிக்கா பாகிஸ்தானை ஒரே ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. ஒன்பது பேர் அவுட்டான பிறகு கேசவ் மகராஜ் பவுண்டரி அடித்து முடித்தார். மறுநாள் பகலில் தரம்சாலாவில் நியூசிலாந்து ஆஸ்திரேலியாவின் 388 ரன்னைத் துரத்தி ஐந்து ரன்னில் தோற்றது. அன்றிரவு, நம் நேரம் பன்னிரண்டரைக்கு, அதே இரண்டு நாடுகளும் பாரிஸில் ரக்பி இறுதிப் போட்டிக்கு இறங்கின. முடிவு 12–11. இரண்டு நாளில் மூன்று ஆட்டம், மூன்றும் மயிரிழையில். பொழுது விடியும்போது எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தென்னாப்பிரிக்காவின் பக்கம். அதனால் என் பதிலில் சாய்வு இருக்கும், மகனிடம் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அதிர்ஷ்டமா என்று கேட்கிறீர்கள். ஒரு புள்ளி வித்தியாசம் என்றால் கடைசி நிமிடத்தில் யாருக்கோ காற்று வாகாக அடித்தது என்று தோன்றுவது இயல்பு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு புள்ளி ஆட்டத்தில் எங்கே பிறந்தது என்று தேடிப்போக வேண்டும். போனால் ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் நிற்பார். பெரும்பாலும் அவர் கையில் பந்து இருக்காது.

காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் சொந்த மண்ணில் ஆடுகிறது, முதல் பாதி முடியும்போது 22–19 என்று முன்னால் இருக்கிறது. அந்தப் பாதியில் மட்டும் ஆறு ட்ரை, மூச்சுவிட நேரமில்லாத ஆட்டம். ட்ரைக்கு 5 புள்ளி, அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2 புள்ளி. பிரான்ஸின் மோவாக்கா ட்ரை போட்டதும் தொமா ராமோஸ் அந்த இரண்டு புள்ளிக்காகப் பந்தை வைத்துப் பின்னால் நகர்கிறார். இது சடங்கு மாதிரியான நேரம். எதிரணிக்காரர்கள் கோட்டுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்குவார்கள். உதைப்பவர் நகரத் தொடங்கியதும் கோட்டைத் தாண்டி ஓடி வரலாம் என்று விதி உண்டு. பல பேர் ஒப்புக்கு நாலு அடி ஓடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி ஐந்தரை அடியைக் கொஞ்சம் தாண்டிய மனிதர். அவர் முழு வேகத்தில் ஓடிவந்து, உதைத்த பந்தைக் கையால் தடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்தபோது 29–28. அந்த உதை உள்ளே போயிருந்தால் பிரான்ஸுக்கு 30. கோல்பியும் ராமோஸும் துலூஸ் கிளப்பில் ஒன்றாக ஆடியவர்கள். பயிற்சியில் அந்த உதையை எத்தனை நூறு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்! அவர் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிவிட்டார் என்று பிரான்ஸ் ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அப்படித் தெரியவில்லை.

அரையிறுதியில் மழை. இங்கிலாந்து பந்தை உயரத் தூக்கி உதைத்து, பெனால்டி (எதிரணி விதி மீறினால் கிடைக்கும் உதை, 3 புள்ளி) வாங்கி, 15–6 என்று கடைசிப் பத்து நிமிடம் வரைக்கும் முன்னால் இருந்தது. தென்னாப்பிரிக்கா அன்று மோசமாகத்தான் ஆடியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய மாற்று வீரர்கள் உள்ளே வந்தபிறகு ஸ்க்ரம் மாறிப்போனது. எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் கொடுத்து முட்டும் அந்த இடத்தில், ஆக்ஸ் எஞ்சே என்ற முன்வரிசைக்காரர் இங்கிலாந்தை நிலைகுலைய வைத்தார். ஸ்னைமன் ஒரு ட்ரை போட்டார், 15–13 ஆனது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாதபோது ஸ்க்ரம்மில் ஒரு பெனால்டி கிடைத்தது. நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஹாண்ட்ரே பொல்லார்ட் உதைத்தார். 16–15. பேப்பரில் பொல்லார்ட் பெயர் வந்தது. ஆனால் அந்தப் புள்ளி எஞ்சேயின் முதுகில் பிறந்தது.

சரி, மகனுக்கு வலிக்கும் இறுதிப் போட்டிக்கு வருகிறேன்.

போட்டித்தொடரின் நடுவில் தென்னாப்பிரிக்காவின் மால்கம் மார்க்ஸ் காயப்பட்டு ஊருக்குத் திரும்பினார். அவர் ஹூக்கர். ஸ்க்ரம்மின் நடுவில் நிற்பதும், எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிவதும் அவர் வேலை. அவர் இடத்துக்கு இன்னொரு ஹூக்கரைத்தான் எடுப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அணியின் இயக்குநர் ராசி எராஸ்மஸும் பயிற்சியாளர் ஜாக் நீனாபரும் எடுத்தது பொல்லார்டை, அதாவது உதைக்கிற ஆளை. இப்போது அணியில் உள்ள ஒரே முழு ஹூக்கர் போங்கி எம்போனாம்பி. அவருக்கு ஏதாவது ஆனால், பழைய நாளில் அந்த இடத்தில் ஆடிய 37 வயது டியோன் ஃபூரி சமாளிக்க வேண்டியதுதான்.

இறுதிப் போட்டியின் மூன்றாவது நிமிடம். எம்போனாம்பியின் காலில் நியூசிலாந்தின் ஃப்ரிஸல் விழுந்து உருள்கிறார். முட்டி போய்விட்டது. எம்போனாம்பி நொண்டிக்கொண்டே வெளியே போகிறார், ஃபூரி உள்ளே வருகிறார். மீதி ஆட்டம் முழுக்க அவர்தான். தென்னாப்பிரிக்கா எறிந்த பந்துகள் அன்று கைமாறிப் போனதற்கு இதுதான் காரணம். ஃப்ரிஸலுக்கு மஞ்சள் அட்டை, அதாவது பத்து நிமிடம் வெளியே. தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு பெனால்டி. அதை உதைத்தவர் யார்? ஹூக்கருக்குப் பதிலாக எடுத்த அந்த பொல்லார்ட்தான். தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்து வந்தவை, நான்கு பெனால்டி. எடுத்த முடிவின் நஷ்டமும் லாபமும் ஒரே நிமிடத்தில் வந்து நின்றன. இந்த விளையாட்டில் நான் பார்த்தவற்றில் என் மனதை விட்டு நீங்காத காட்சி இது.

அரை மணி நேரம் ஆவதற்குள் நியூசிலாந்து கேப்டன் சாம் கேன், பந்தோடு வருபவரைப் பிடித்துச் சாய்க்கும் டாக்கிளை உயரமாகச் செய்துவிட்டார். எதிராளியின் தலையில் பட்டது. முதலில் மஞ்சள் அட்டை. தனியறையில் இருக்கும் இன்னொரு நடுவர் வீடியோவைப் பார்த்து அது சிவப்பாக வேண்டுமா என்று முடிவு செய்வார். கேன் மைதான ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சிவப்பு என்று அறிவிப்பு வருகிறது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் அதற்கு முன் யாருக்கும் சிவப்பு அட்டை கொடுத்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது நான் எந்த அணியின் பக்கம் என்பது எனக்கே மறந்துபோனது.

இனி மகன் சொல்வதில் உள்ள நியாயம். இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கா ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை. ஆரன் ஸ்மித் போட்ட ட்ரையை, அதற்கு முன்னால் எல்லைக்கோட்டிலிருந்து எறியும் லைன் அவுட்டில் பந்து கையில் பட்டு முன்னால் விழுந்தது, அது தவறு என்று ரத்து செய்தார்கள். பந்து விழுந்தது உண்மை. ஆனால் அவ்வளவு பின்னால் போய்ப் பார்க்கலாமா என்று சண்டை போட இடம் இருக்கிறது. 58ஆம் நிமிடத்தில் போடன் பாரெட் ட்ரை போட்டார். ஓரத்திலிருந்து மொவுங்கா உதைத்தது உள்ளே போகவில்லை. 73ஆம் நிமிடத்தில் ஜோர்டி பாரெட் தொலைவிலிருந்து உதைத்த பெனால்டியும் விலகிப் போனது. இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால் கோப்பை வெலிங்டனுக்குப் போயிருக்கும். இவ்வளவும் சரி. பதினான்கு பேராக நியூசிலாந்து ஆடிய அந்த ஆட்டத்தை நான் தோல்வியாக நினைவில் வைக்கவே இல்லை.

ஆனால் அந்த நாற்பது நிமிடமும் தென்னாப்பிரிக்கா சும்மா நிற்கவில்லை. பீட்டர்-ஸ்டெஃப் டு டோய்ட் அன்று செய்த டாக்கிள் 28. ஒரு டாக்கிள் என்றால் நூறு கிலோ ஆள் ஓடிவரும்போது குறுக்கே விழுந்து சாய்த்து, எழுந்து, அடுத்தவனை நோக்கி ஓடுவது. அதை எண்பது நிமிடத்தில் 28 தடவை! ஆட்ட நாயகன் விருதும் அவருக்குத்தான். இவரும் 7ஆம் எண், வெளியே உட்கார்ந்திருந்த கேனும் 7ஆம் எண். மாற்று வீரர்கள் எட்டுப் பேரில் ஏழு பேரை ஸ்க்ரம்மில் முட்டும் முன்களப் பலத்துக்காகவே வைத்துக்கொண்டு இறங்கிய அணி அது. ட்ரை போடுவதற்காக அமைத்த அணியே இல்லை. முன்னால் போய்விட்டால் விடாமல் பிடித்துக்கொள்ள அமைத்த அணி.

நான் ஏன் தென்னாப்பிரிக்காவின் பச்சைச் சட்டையின் பக்கம் என்பதையும் சொல்கிறேன். நிறவெறிக் காலத்தில் அந்தச் சட்டை வெள்ளையரின் சட்டை. கறுப்பின மக்கள் மைதானத்தில் ஒதுக்கிய மூலையில் நின்றுகொண்டு வெளிநாட்டு அணிக்காகக் கத்துவார்கள், நியூசிலாந்து வந்தால் இன்னும் பலமாக. 1995 ஜூன் 24 அன்று ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில், உலகக் கோப்பை இறுதிக்கு, மண்டேலா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். முதுகில் கேப்டன் பியனாரின் 6ஆம் எண். அன்று களத்தில் இருந்த அணியில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். போர்ட் எலிசபெத்தின் ஸ்விடே என்ற கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்த சியா கொலிஸிக்கு அப்போது நான்கு வயது. 2019இலும் 2023இலும் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவர் அவர். முதுகில் அதே 6.

அயர்லாந்து பற்றிய கேள்வி. பண்டி ஆக்கி, ஜேமிசன் கிப்சன்-பார்க் இருவரும் நியூசிலாந்தில் பிறந்தவர்கள். காலிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக இருவருமே ட்ரை போட்டார்கள். ஒரு நாட்டில் மூன்று வருடம் தொடர்ந்து வசித்தால் அதற்கு ஆடலாம் என்பது அவர்கள் தகுதி பெற்றபோது இருந்த விதி, இப்போது ஐந்து வருடம். ஆக்கி 2014 முதல் அயர்லாந்தின் கால்வேயில் கோனாக்ட் அணிக்கு ஆடியவர். எனக்கு இதில் குறையே தெரியவில்லை. அயர்லாந்து அணியே குடியரசும் வடக்கு அயர்லாந்தும் சேர்ந்தது, இரண்டு அரசுகள், ஒரே அணி. நாடு என்பதை அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். டோங்கா, சமோவா போன்ற சின்னத் தீவுகளின் பிள்ளைகளைப் பணக்கார அணிகள் இழுத்துக்கொள்கின்றன. 2022இல் வந்த மாற்றத்தால், சர்வதேச ஆட்டத்திலிருந்து மூன்று வருடம் விலகியிருந்தவர் பிறந்த நாட்டுக்கோ பெற்றோரின் நாட்டுக்கோ திரும்பி ஆடலாம். நியூசிலாந்துக்கு ஆடிய பியூட்டாவும் ஃபெகிடோவாவும் 2023இல் டோங்காவுக்கு ஆடியது எனக்குப் பெரிய நிறைவு. உங்கள் மகனையே பாருங்கள். திருச்சிப் பையன், நியூசிலாந்து அணிக்காகத் துடிக்கிறான். அந்தப் பாசத்தைப் பொய் என்று சொல்ல முடியுமா?

அயர்லாந்து தோற்ற விதத்தை அவசியம் மறுபடி பாருங்கள். 24–28 என்று பின்னால் இருக்கும்போது கடைசியில் 37 முறை பந்தைக் கைமாற்றி, இடித்து, எழுந்து, மறுபடி இடித்து முன்னேறினார்கள். கடைசியில் நியூசிலாந்தின் சாம் வைட்லாக் கீழே கிடந்த பந்தின் மேல் குனிந்து பெனால்டி வாங்கிவிட்டார். அயர்லாந்து கேப்டன், 38 வயது ஜானி செக்ஸ்டனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். 2020 டிசம்பரிலேயே பிரிவுகளுக்குச் சீட்டு எடுத்ததால்தான் அயர்லாந்து, பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து நான்கும் ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டன. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

2027இல் ஆஸ்திரேலியாவில் 24 அணிகள், காலிறுதிக்கு முன் இன்னொரு சுற்று வேறு. நேரமும் நமக்கு வசதி, நடுராத்திரி விழிக்க வேண்டியிருக்காது.

அதற்குள் மகனோடு இறுதிப் போட்டியின் 73ஆம் நிமிடத்திலிருந்து ஒருதரம் ஓடவிடுங்கள். கோல்பி பந்தை வேண்டுமென்றே தட்டிவிட்டு மஞ்சள் அட்டை வாங்கி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இப்போது இரண்டு பக்கமும் பதினான்கு பேர். பிரான்ஸை வீட்டுக்கு அனுப்பிய அந்த மனிதர் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருப்பார், களத்தைப் பார்க்கவே மாட்டார். நீங்கள் அந்த ஏழு நிமிடமும் பந்தைப் பார்க்காதீர்கள், பச்சைச் சட்டையில் 7ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு மகன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.