இறைபோசோம்: 50உம் 30உம் 70 ஆவது எப்படி?

கேள்வி: பற்றீரியாவில் புரதம் கட்டும் பொறியான இறைபோசோம் 70 எஸ். பிரித்தால் 50 எஸ், 30 எஸ். கூட்டினால் 80 வருகிறதே?
– உயர்தர மாணவி, உப்புவெளி

பதில்: கூட்டக்கூடாது. எஸ், அதாவது சுவெட்பேர்க், நிறையின் அலகல்ல. மையநீக்கியில் சுழலும் துணிக்கை எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதன் அளவு. இரு துணையலகுகளும் சேர்ந்தால் நிறை கூடும். உருவமும் பெருத்து நீரின் தடையும் கூடும். அதனால் வேகம் நிறைக்கு நேராக ஏறாது.

விடைத்தாளில் இதைவிடப் பெரிய பிழை, இறைபோசோமைப் புரதக் கட்டியாக எழுதுவது. குடற் பற்றீரியாவான ஈ. கோலையின் 30 எஸ்ஸில் 1542 நியூக்கிளியோதைட்டு (ஆர்.என்.ஏ சங்கிலியின் கண்ணி) நீளமான 16 எஸ் ஆர்.என்.ஏ ஒன்றும் 21 புரதங்களும் உண்டு. 50 எஸ்ஸில் 2904 நீளமான 23 எஸ், 120 நீளமான 5 எஸ், முப்பதுக்கு மேல் புரதங்கள். நிறையில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்.என்.ஏதான். அமினோ அமிலங்களைக் கோக்கும் வேலையும் 23 எஸ்ஸினுடையதே: சாக்கடல் நுண்ணுயிரொன்றின் 50 எஸ் பளிங்கை 2000இல் ஆராய்ந்தபோது, பிணைப்பு உண்டாகும் இடத்தருகே புரதமே இருக்கவில்லை. 30 எஸ்ஸின் அமைப்பைத் துலக்கி 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

இரண்டையும் ஒட்டவைப்பது மக்னீசியம் அயன். 10 மில்லிமோலரில் ஒட்டியிருக்கும். 1 இற்கு இறக்கினால் கழன்றுவிடும். ஆர்.என்.ஏயின் பொசுபேற்றுகள் மறையேற்றமுடையவை, மக்னீசியம் குறைந்தால் ஒன்றையொன்று தள்ளும். ஆய்வுகூடத்தில் 70 எஸ் காணவில்லையா? முதலில் தாங்கற் கரைசலில் மக்னீசியம் போதுமா என்று பாருங்கள்.

கேள்வி: வயலுக்கு இறங்குமுன் எலிக்காய்ச்சலுக்காக வாரம் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் தருகிறார்கள். கிருமியின் இறைபோசோமைத் தாக்குவது எங்களுடையதை விட்டுவிடுமா? பாலோடு குடித்தால் என்ன?
– விவசாயி, மூதூர்

பதில்: மருந்து 30 எஸ்ஸில், அமினோ அமிலம் சுமந்துவரும் ஆர்.என்.ஏ அமரும் இடத்தை அடைத்துவிடும். நமது கலங்களில் இருப்பது 80 எஸ். அதில் பிடி தளர்வு. பற்றீரியா மருந்தை உள்ளிழுத்துச் சேர்த்துக்கொள்வதும் அதற்கே வினையாகிறது. நமது கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் இறைபோசோம் மட்டும் பற்றீரியாவுடையதை ஒத்தது.

மருந்து அங்கே ஒட்டுவது மக்னீசியத்தைப் பற்றிக்கொண்டுதான். அதே குணத்தால் குடலில் கல்சியத்தையும் இரும்பையும் பற்றி, உறிஞ்சப்படாமல் போகும். பாலைவிட இரும்பு மாத்திரையும் வயிற்றெரிவு மருந்தும் மோசம். சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காதீர்கள். தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். கர்ப்பிணிகள் தாமாக எடுக்கவே கூடாது.

கேள்வி: டெங்குவுக்கும் இதே மாத்திரை உதவுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: உதவாது. வைரசுக்குச் சொந்த இறைபோசோம் இல்லை, நம்முடையதையே பயன்படுத்துகிறது.