பாதிக்கு மேல் வாங்கியவர்

கேள்வி: அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1979ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலின் முதல் சுற்றில் 22 சதவீத வாக்குகளைக்கூட எட்டாத டேவ் ட்ரீன், இரண்டாம் சுற்றில் வென்றார் எனப் படித்தேன். பாதிக்கு மேல் வாங்கியவரே ஆள வேண்டும் என்னும் அந்த முறை மேலானதல்லவா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: மேலானதா என்று பார்க்குமுன், அது யாருக்காக வந்தது என்று பாருங்கள். (அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர், ராஜ்பவனில் அமர்த்தப்படுபவர் அல்லர்.) எட்வின் எட்வர்ட்ஸ் 1971-72இல் அப்பதவியைப் பிடிக்க மூன்று தேர்தல்களைச் சந்தித்தார்: ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே இரண்டு சுற்றுகள், அவற்றின் முடிவில் 4,500க்கும் குறைவான வாக்குகளில் தப்பிப் பிழைத்து, பிறகு குடியரசுக் கட்சியின் ட்ரீனோடு மூன்றாவது. அந்த அலுப்பில்தான், எல்லாக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்கட்டும், எவருக்கும் பாதி கிட்டாவிட்டால் முதல் இருவர் மட்டும் மீண்டும் மோதட்டும் என்னும் முறையை 1975இல் அவர் கொண்டுவந்தார். தம் கட்சிக்காகப் போட்ட அந்தக் கணக்கு, 1979இல் அதே ட்ரீனுக்குக் கைகொடுத்தது.

அந்த ஆண்டு முதல் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் ஐந்து பெரிய தலைகள் வாக்குகளைப் பங்குபோட்டுக்கொள்ள, ட்ரீன் முதலிடம் பெற்றார். மயிரிழையில் இரண்டாமிடத்தைத் தவறவிட்ட துணை ஆளுநர் ஃபிட்ஸ்மோரிஸ், முறைகேடு என்று நீதிமன்றப் படியேறியும் பலனில்லை. அவரும் தோற்ற மற்ற மூவரும், இரண்டாமிடம் பிடித்த சொந்தக் கட்சியின் லூயி லாம்பர்ட்டை விட்டுவிட்டு ட்ரீனை ஆதரித்தார்கள். டிசம்பர் 8 அன்று பதிவான 13.7 லட்சம் வாக்குகளில் ட்ரீன் 9,557 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். பிறகு அந்த நால்வருக்கும் அவருடைய நிர்வாகத்தில் இடம் கிடைத்தது. இதைப் பேரம் என்று நான் சொல்லவில்லை. தற்செயல் என்று நீங்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டேன், சிரித்துக்கொள்வேன்.

ஆகவே, பாதிக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி, தம் விருப்ப வேட்பாளரை முதல் சுற்றிலேயே இழந்துவிட்டவர்கள் மிச்சமிருந்த இருவரில் ஒருவருக்கு அளித்தது. எட்வர்ட்ஸுக்கோ 1983இல் இரண்டாம் சுற்றே தேவைப்படவில்லை. ட்ரீனை முதல் சுற்றிலேயே 62 சதவீத வாக்குகளுடன் வீட்டுக்கு அனுப்பினார்.